ஒரே வீடு, ரெண்டு பாஸ்போர்ட்: முத்தியால்பேட்டை தம்பதி ஆல்ப்ஸ் கிளம்பினால் என்னென்ன தெரிஞ்சிருக்கணும்?

ஏரிக்கரையில் மரவீடுகள், பின்னாடி பனிமலை, நடுவில் வளைந்து போகும் ரயில். இந்த ரீல்ஸைப் பார்த்துவிட்டு "நாமளும் ஒரு தடவை போயிட்டு வரணும்" என்று பேசாத தம்பதி இருக்க முடியாது.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இந்தப் பேச்சு எழுந்தால், சில வீடுகளில் அடுத்த கேள்வி கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும். "உங்களுக்கு விசா வேணாம், எனக்கு வேணுமே... அப்போ எப்படி சேர்ந்து போறது?"

காரணம், கணவர் கையில் பிரெஞ்சு பாஸ்போர்ட், மனைவி கையில் இந்திய பாஸ்போர்ட். சில வீடுகளில் இது அப்படியே தலைகீழ். ஆல்ப்ஸ் மலையில் ஏறுவதற்கு முன்னாடி இந்தத் தம்பதி ஏற வேண்டிய முதல் மலை, காகித மலை. அதில் வழி தவறினால் விசா மறுப்பு, திரும்பி வராத கட்டணம், வீணாகும் விமான டிக்கெட் என்று லட்சக்கணக்கில் அடி விழும்.

அந்தக் காகித மலையை எப்படித் தாண்டுவது, தாண்டிய பிறகு எந்தெந்த ஊருக்குப் போகலாம், எவ்வளவு செலவாகும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஒரே வீட்டில் ரெண்டு பாஸ்போர்ட் எப்படி வந்தது?

1954 நவம்பர் 1ஆம் தேதி புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனால் சட்டப்படியான கைமாற்றம் உடனே நடக்கவில்லை. 1956 மே 28ஆம் தேதி இந்தியாவும் பிரான்ஸும் ஒப்படைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அது நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி.

அந்த ஒப்பந்தத்தில்தான் குடியுரிமை விஷயம் இருக்கிறது. இங்கே பிறந்து இங்கேயே வசித்த பிரெஞ்சு குடிமக்கள் இந்தியக் குடிமக்கள் ஆகிவிடுவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்றால் 6 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்களாகவே தொடர்ந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகளுக்கும் அந்தக் குடியுரிமை வந்து சேர்ந்தது.

பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற 'சொல்தா' குடும்பங்கள், பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் குடும்பங்கள் எல்லாம் புதுச்சேரிக்குப் புதிதல்ல. பிரான்ஸ் தேர்தல் வந்தால் இங்கேயும் வாக்குச்சாவடி வைக்கிறார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலிலும் வைத்தார்கள்.

ஆக, தாத்தா 1962இல் போட்ட ஒரு கையெழுத்து, பேரன் தேனிலவுக்கு எந்த வரிசையில் நிற்கணும் என்பதை இன்றைக்கும் முடிவு பண்ணிக்கொண்டிருக்கிறது.

பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்தால் கவலையே இல்லையா?

ஐரோப்பாவுக்குள் போவதற்குக் கவலை இல்லை. பிரான்ஸ், ஆஸ்திரியா, இத்தாலி, ஸ்விட்சர்லாந்து என்று எங்கே சுற்றிப் பார்க்கப் போனாலும் விசா தேவையில்லை.

கவனிக்க வேண்டியது திரும்பி வரும் வழியை. இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருப்பவர் முத்தியால்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்திருந்தாலும், சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டவர்தான். சென்னையில் வந்து இறங்கும்போது ஓ.சி.ஐ. அட்டையோ செல்லுபடியாகும் இந்திய விசாவோ கையில் இருக்க வேண்டும். ஓ.சி.ஐ. அட்டையை பீரோவில் பூட்டி வைத்துவிட்டு கிளம்பினால், ஆல்ப்ஸிலிருந்து சொந்த வீட்டுக்குத் திரும்புவதே சிக்கலாகிவிடும்.

இந்திய பாஸ்போர்ட் இருந்தால் என்ன விதி?

இவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். ஷெங்கன் என்பது தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாமல் வைத்திருக்கும் 29 ஐரோப்பிய நாடுகளின் கூட்டு. ஒரு நாட்டின் விசா வாங்கினால் 29 நாட்டுக்கும் போகலாம். ஸ்விட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பினர் இல்லை. ஆனால் 2008 டிசம்பரிலிருந்து ஷெங்கனில் இருக்கிறது. அதனால் பிரான்ஸ் விசாவோடு ஸ்விட்சர்லாந்துக்கும் போகலாம்.

முக்கியமான விதிகள் இவை:

• எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது.

• விசா கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. 2024 ஜூன் 11ஆம் தேதி 80 யூரோவிலிருந்து ஏற்றினார்கள். விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி.

• பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாளுக்குள் போய் நிற்கக் கூடாது.

• முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள். சில நேரம் 45 நாள் வரைக்கும் இழுக்கலாம்.

• குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும்.

• பாஸ்போர்ட் 10 வருடத்துக்குள் வாங்கியதாக இருக்கணும். ஊர் திரும்பும் தேதிக்குப் பிறகு 3 மாதம் செல்லுபடியாகணும். ரெண்டு பக்கமாவது காலியாக இருக்கணும்.

• கைரேகை ஒருமுறை கொடுத்தால் 59 மாதம் வரைக்கும் அதையே பயன்படுத்திக்கொள்வார்கள்.

விசா மறுத்தால் கட்டணம் திரும்ப வராது. மறுத்ததற்கான காரணத்தை எழுத்தில் தருவார்கள். மேல்முறையீடும் செய்யலாம். ஆனால் அதற்குள் பயணத் தேதி போய்விடும். அதனால் ரத்து செய்தால் பணம் வராத விமான டிக்கெட்டை விசா கைக்கு வருவதற்கு முன்னாடி வாங்காமல் இருப்பது நல்லது.

இந்தியர்களுக்கு 2024 ஏப்ரலில் ஒரு சலுகை வந்தது. மூன்று வருடத்துக்குள் ரெண்டு ஷெங்கன் விசா வாங்கி, விதி மீறாமல் பயன்படுத்தியிருந்தால், அடுத்து 2 வருடத்துக்குப் பலமுறை போய்வரும் விசா கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. அதையும் ஒழுங்காகப் பயன்படுத்தினால் அடுத்தது 5 வருடம். முதல் பயணத்தைச் சுத்தமாக முடிப்பது அதனால்தான் முக்கியம்.

பக்கத்திலேயே பிரான்ஸ் விசா மையம் இருக்கே, அங்கேயே போட்டுடலாமா?

நிறைய பேர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

புதுச்சேரியில் பிரெஞ்சு துணைத் தூதரகம் இருக்கிறது. பிரான்ஸ் விசாவுக்கான விண்ணப்ப மையமும் ஊரிலேயே இருக்கிறது. முத்தியால்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் போய்வந்துவிடலாம். அதனால் "பிரான்ஸுக்குப் போட்டு விசா வாங்கிட்டு, ஸ்விட்சர்லாந்துல சுத்துவோம்" என்று யோசிப்பவர்கள் உண்டு.

விதி அப்படி இல்லை. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். எல்லா நாட்டிலும் சம நாள் என்றால், முதலில் நுழையும் நாட்டிடம் விண்ணப்பிக்கணும்.

உதாரணம் பார்க்கலாம். பிரான்ஸில் 5 இரவு, ஸ்விட்சர்லாந்தில் 4 இரவு என்றால் பிரான்ஸிடம் விண்ணப்பிக்கலாம். அதையே பிரான்ஸில் 3, ஸ்விட்சர்லாந்தில் 6 என்று மாற்றினால், ஸ்விட்சர்லாந்திடம்தான் போகணும். ஹோட்டல் முன்பதிவும் விண்ணப்பமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்றால் சந்தேகம் வரும். அது மறுப்பில் போய் முடியலாம்.

அதனால் முதலில் ஊர்களைத் தேர்ந்தெடுத்து, இரவுகளை எண்ணிவிட்டு, அப்புறம் விண்ணப்பத்தைத் திறங்க.

கணவர் பிரெஞ்சு, மனைவி இந்தியர். சலுகை உண்டா?

உண்டு. ஆனால் அது எந்த நாட்டுக்குப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004ஆம் ஆண்டு வந்த ஒரு சட்டம் இருக்கிறது. ஒன்றியக் குடிமகன் ஒருவர் தன் நாட்டைத் தவிர வேறொரு உறுப்பு நாட்டுக்குப் போகும்போது, கூடவே வரும் வாழ்க்கைத் துணைக்கு விசாவைக் கட்டணமில்லாமல், விரைவான முறையில் தர வேண்டும் என்று அது சொல்கிறது. மருத்துவக் காப்பீட்டுச் சான்றும் கேட்கக் கூடாது. திருமணச் சான்று, துணையின் பாஸ்போர்ட், சேர்ந்து பயணம் செய்வதற்கான ஆதாரம் ஆகியவைதான் அடிப்படை.

அதாவது, பிரெஞ்சு கணவரும் இந்திய மனைவியும் ஆஸ்திரிய ஆல்ப்ஸுக்கோ இத்தாலிய ஏரிக்கரைக்கோ சேர்ந்து போனால் இந்தச் சட்டம் பொருந்தும்.

ஆனால் அவர்கள் பிரான்ஸுக்கே போனால்? கணவர் தன் சொந்த நாட்டுக்குப் போகிறார் என்று கணக்காகிவிடும். அப்போது அந்த ஐரோப்பியச் சட்டம் பொருந்தாது. பிரான்ஸின் உள்நாட்டு விதி பொருந்தும். ஸ்விட்சர்லாந்துக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் நடுவில் தனி ஒப்பந்தம் இருக்கிறது. ஆகவே விண்ணப்பிக்கும்போதே "பிரெஞ்சு குடிமகனின் துணை" என்ற பிரிவைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பிரிவுக்கான ஆவணப் பட்டியலைப் பார்த்துக்கொள்வது அவசியம். சாதாரண சுற்றுலாப் பிரிவில் போட்டுவிட்டால், இருக்கிற சலுகையும் கைவிட்டுப் போகும்.

திருமண விஷயத்தில் இன்னொன்று. கல்யாணம் இந்தியாவில் நடந்து இங்கே பதிவாகியிருக்கும். புதுச்சேரிக்காரர்கள் 'எத்தா சிவில்' என்று சொல்லும் பிரெஞ்சுக் குடிமைப் பதிவேட்டிலும் அது ஏறியிருந்தால் வேலை சுலபம். ஏற்றிய பிறகு 'லிவ்ரே த ஃபாமி' என்ற குடும்பப் புத்தகம் கிடைக்கும். புதுமணத் தம்பதிகள் இதைத் தள்ளிப்போட்டுவிட்டு டிக்கெட் போட்டால், கடைசி நேரத்தில் அலைய வேண்டி வரும்.

அப்போ மனைவியும் பிரெஞ்சு குடியுரிமை வாங்கிடலாமே?

பிரெஞ்சு குடிமகனைத் திருமணம் செய்தவர் 4 வருடம் கழித்து அதற்கு விண்ணப்பிக்கலாம். பிரான்ஸில் போதிய காலம் வசிக்காதவர்களுக்குச் சில சூழ்நிலைகளில் அது 5 வருடம். பிரெஞ்சு மொழியறிவும் பார்ப்பார்கள்.

ஆனால் இன்னொரு நாட்டின் குடியுரிமையைத் தாமாக முன்வந்து பெற்ற நாளே இந்தியக் குடியுரிமை போய்விடும். 1955ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 9ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. இந்தியாவில் ஓட்டு கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது, அரசு வேலைக்கும் தடை. ஒரு சுற்றுலாவுக்காக எடுக்கிற முடிவு இல்லை இது.

விமான நிலையத்தில் என்ன நடக்கும்?

2025 அக்டோபர் 12ஆம் தேதியிலிருந்து ஷெங்கன் எல்லையில் 'ஈ.ஈ.எஸ்.' என்ற புதிய பதிவு முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக, முகப்படத்தைக் கணினியில் பதிவு செய்வார்கள். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு இது உண்டு. பிரெஞ்சு பாஸ்போர்ட்டுக்கு இல்லை. நீங்கள் எத்தனை நாள் தங்கினீர்கள் என்பதை இனி கணினியே எண்ணிவிடும். "ரெண்டு நாள்தானே, யார் பார்க்கப்போறா" என்பதெல்லாம் இனி நடக்காது.

யூடியூபில் 'ஈ.டி.ஐ.ஏ.எஸ்.' அனுமதி வாங்கணும் என்று சொல்லும் வீடியோக்களும் வருகின்றன. அது விசா தேவையில்லாத மூன்றாம் நாட்டவருக்கானது. இந்தத் தம்பதியில் ரெண்டு பேருக்குமே அது பொருந்தாது. அதற்குப் பணம் கேட்டால் கட்டிவிடாதீங்க.

சரி, எந்த ஊர் வழியாகப் போகலாம்?

மேலே சொன்ன 5+4 கணக்குக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு வழி. சென்னையிலிருந்து ஜெனீவாவுக்கு வளைகுடா நகரம் ஒன்றின் வழியாகவோ ஐரோப்பிய நகரம் ஒன்றின் வழியாகவோ போகலாம். ஜெனீவா ஸ்விட்சர்லாந்தில் இருந்தாலும் பிரான்ஸ் எல்லையை ஒட்டிய ஊர்.

அன்னெசி (3 இரவு): ஜெனீவாவிலிருந்து தெற்கே சுமார் 40 கிலோமீட்டர். பிரான்ஸில் இருக்கும் ஏரிக்கரை நகரம். பழைய நகருக்குள் கால்வாய் ஓடும், கரையோரம் வண்ண வீடுகள். கால்வாய் நடுவில் கப்பல் மாதிரி நிற்கும் பழைய சிறைக் கட்டடம்தான் எல்லா போட்டோவிலும் வருவது.

இந்த ஏரிக்கு ஒரு கதை இருக்கிறது. 1950களில் கழிவுநீர் கலந்து கெட்டுக்கொண்டிருந்தது. கரையோர ஊராட்சிகள் ஒன்றுசேர்ந்து, ஏரியைச் சுற்றி வளையமாகக் கழிவுநீர்க் குழாய் போட்டு, ஒரு சொட்டுகூட ஏரிக்குள் போகாமல் திருப்பிவிட்டன. இன்றைக்கு ஐரோப்பாவின் சுத்தமான ஏரிகளில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள். ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் வைத்திருக்கிற ஊர்க்காரர்கள் பார்த்துவிட்டு வர வேண்டிய விஷயம் இது.

ஷமோனி (2 இரவு): மோன் பிளாங்க் மலையின் அடிவாரம். 4,800 மீட்டருக்குச் சற்று மேலான இந்தச் சிகரத்தில் 1786 ஆகஸ்ட் 8ஆம் தேதி முதன்முதலாக ரெண்டு பேர் ஏறினார்கள். ஒருவர் படிகக்கல் தேடுபவர், இன்னொருவர் டாக்டர். முதல் குளிர்கால ஒலிம்பிக் 1924இல் நடந்ததும் இதே ஊரில்தான். இங்கிருந்து ரோப் காரில் 3,842 மீட்டர் உயரத்தில் இருக்கும் எக்வி து மிடிக்குப் போகலாம்.

மோன்ட்ரோ (1 இரவு): ஷமோனியிலிருந்து மலை ரயிலில் எல்லை தாண்டி மார்ட்டினி, அங்கிருந்து ஜெனீவா ஏரிக்கரையில் இருக்கும் மோன்ட்ரோ. தண்ணீரை ஒட்டியே நிற்கும் ஷியோன் கோட்டை இங்கேதான்.

லாவ்டர்ப்ருன்னன் (2 இரவு): மோன்ட்ரோவிலிருந்து இன்டர்லாக்கனுக்கு 2022 டிசம்பரிலிருந்து நேரடி ரயில் ஓடுகிறது. வழியில் தண்டவாளத்தின் அகலம் மாறும். ரயிலின் சக்கர அமைப்பே அதற்கேற்ப மாறிக்கொள்ளும், இறங்கி ஏற வேண்டியதில்லை. இன்டர்லாக்கன் என்றாலே 'ஏரிகளுக்கு நடுவே' என்றுதான் அர்த்தம். தூன், பிரியன்ஸ் என்று ரெண்டு ஏரிக்கு நடுவில் இருக்கும் ஊர். அங்கிருந்து சிறிது தூரத்தில் லாவ்டர்ப்ருன்னன் பள்ளத்தாக்கு. 72 அருவிகள் என்று சொல்வார்கள். அதில் ஸ்டவ்பாக் அருவி கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது.

லூட்சர்ன் (1 இரவு): ஏரி, மலை, 14ஆம் நூற்றாண்டு மரப்பாலம். அந்தப் பாலத்தின் பெரும்பகுதி 1993இல் தீயில் எரிந்து, பிறகு திரும்பக் கட்டப்பட்டது. இங்கிருந்து சூரிக் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள். அங்கே விமானம் ஏறிவிடலாம்.

ஊட்டி ரயிலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

லூட்சர்ன் பக்கத்தில் ரிகி என்று ஒரு மலை. ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில் 1871இல் அங்கேதான் ஓடியது. அதை அமைத்தவர் நிக்லாஸ் ரிகென்பாக். நீலகிரி மலை ரயிலுக்கு ஆரம்பத்தில் திட்டம் கேட்டு அழைக்கப்பட்டவரும் அவர்தான்.

பிறகு மேட்டுப்பாளையம் பாதையில் போடப்பட்டது 'அப்ட்' பல்தண்டவாளம். அதைக் கண்டுபிடித்த ரோமன் அப்ட்டும் ஸ்விஸ் இன்ஜினியர்தான். அந்தப் பாதையில் பல ஆண்டுகள் ஓடிய நீராவி இன்ஜின்கள் ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்யப்பட்டவை. கல்லாறிலிருந்து குன்னூருக்கு அந்த ரயிலில் போனவர்களுக்கு, ரிகி ரயிலின் கடகட சத்தம் ஏற்கெனவே கேட்ட சத்தமாக இருக்கும்.

எவ்வளவு செலவாகும்?

விலைகள் மாறிக்கொண்டே இருக்கும். அளவு புரிவதற்காக மட்டும் சில கணக்கு. ஒரு யூரோவும் சரி, ஒரு ஸ்விஸ் பிராங்கும் சரி, இப்போது 100 ரூபாயைத் தாண்டி நிற்கின்றன.

• ஐரோப்பாவின் மிக உயரமான ரயில் நிலையம் யுங்ஃபிராவ்யோக். 3,454 மீட்டர் உயரம், 1912இல் திறந்தது. இன்டர்லாக்கனிலிருந்து போய்வர முழுக் கட்டணம் ஒருவருக்கு 200 பிராங்குக்கு மேல். தம்பதிக்கு 40,000 ரூபாயைத் தாண்டிவிடும்.

• ஷமோனி ரோப் கார் போய்வர ஒருவருக்கு 70 யூரோவுக்கு மேல்.

• ஸ்விட்சர்லாந்தில் சாதாரண உணவகத்தில் ஒருவேளை சாப்பாடு 20 முதல் 30 பிராங்க்.

• வெளிநாட்டவருக்கான 'ஸ்விஸ் டிராவல் பாஸ்' 3 நாளைக்கு ரெண்டாம் வகுப்பில் ஏறக்குறைய 250 பிராங்க். ரயில், பஸ், ஏரிப் படகு எல்லாம் அடக்கம்.

மிச்சம் பிடிக்க வழி இருக்கிறது. அந்தப் பாஸிலேயே ரிகி மலை ரயில் அடக்கம். லாவ்டர்ப்ருன்னனுக்கு மேலே இருக்கும் வெங்கன், மூர்ரன் கிராமங்களுக்கும் அதிலேயே போகலாம். யுங்ஃபிராவ் சிகரத்தைப் பார்க்க அந்தக் கிராமங்களே போதும். குழாய்த் தண்ணீரும், ஊர் நடுவில் இருக்கும் நீரூற்றுத் தண்ணீரும் பொதுவாகக் குடிக்கலாம். 'குடிநீர் அல்ல' என்று பலகை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்க. சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டி, பழம், தயிர் வாங்கிக்கொண்டால் பாதிச் செலவு குறையும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

சோறு இல்லாமல் முடியாது என்பவர்களுக்கும் வழி உண்டு. 1980களிலிருந்து குடியேறிய இலங்கைத் தமிழர்கள் ஸ்விட்சர்லாந்தில் பல ஆயிரம் பேர் வசிக்கிறார்கள். சூரிக், பெர்ன் போன்ற நகரங்களில் தமிழ்க் கடைகள் இருக்கின்றன. பல உணவகங்களின் சமையலறையில் தமிழ் கேட்கும்.

இங்கே ஏஜென்சியில் டூர் பேக்கேஜ் எடுத்தால் டி.சி.எஸ். என்று ஒரு தொகை பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் வரவாகும். பில்லைப் பத்திரமாக வைத்து, கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம்.

போகிற ஊர்க்காரர்கள் என்ன சொல்கிறார்கள்?

ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் 800 பேர்கூட இல்லாத ஏரிக்கரைக் கிராமம். 7,000 வருடப் பழமையான உப்புச் சுரங்கம் இருக்கும் உலகப் பாரம்பரியச் சின்னம். சீசனில் ஒரே நாளில் 10,000 பேர் வரை வந்து இறங்குகிறார்கள். 2023இல் ஊர்க்காரர்களே சாலையில் இறங்கிப் போராடினார்கள். செல்ஃபி எடுக்கும் இடத்தில் மர வேலி போட்டு, எதிர்ப்பு வந்ததும் எடுத்தார்கள்.

பிரியன்ஸ் ஏரிக்கரையில் இருக்கும் இசெல்ட்வால்ட் கிராமத்துக்கு ஒரு கொரிய சீரியலால் கூட்டம் குவிந்தது. கதாநாயகன் பியானோ வாசித்த படகுத்துறையில் கால் வைக்க 5 பிராங்க் வசூலிக்க ஆரம்பித்தார்கள். லாவ்டர்ப்ருன்னனிலும் 2024இல் நுழைவுக் கட்டணம் பற்றிப் பேச்சு எழுந்தது.

வார இறுதியில் வெள்ளை நகரத் தெருக்களில் வண்டி நகராமல் நிற்பதைப் பார்க்கும் புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தக் கோபம் புரியாமல் இருக்காது. ஒரு நாளில் நாலு ஊர் பார்ப்பதைவிட, ஒரு ஊரில் ரெண்டு இரவு தங்கினால் கூட்டம் கிளம்பிய பிறகு அந்த ஊரை நிம்மதியாகப் பார்க்கலாம். ஊர்க்காரர்களுக்கும் வருமானம் கிடைக்கும். வீட்டு ஜன்னலைப் படம் பிடிப்பதும், வேலி தாண்டிப் புல்வெளியில் நடப்பதும் வேண்டாம். அந்தப் புல் அவர்கள் மாட்டுக்குத் தீவனம்.

பனி உருகுதுன்னு சொல்றாங்களே, பாதுகாப்பா?

உருகுவது உண்மை. 2022, 2023 என்ற ரெண்டே வருடத்தில் ஸ்விட்சர்லாந்தின் பனிப்பாறைகள் தங்கள் கன அளவில் சுமார் 10 சதவீதத்தை இழந்தன. ஷமோனியில் இருக்கும் 'மெர் த கிளாஸ்' பனிப்பாறைக்கு 1988இல் ரோப் கார் போட்டபோது, இறங்கிச் சில படிகளில் பனியைத் தொட்டுவிடலாம். பனி இறங்க இறங்க படிகளைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். அது 500ஐத் தாண்டியது. கடைசியில் 2024இல் வேறு இடத்தில் புது ரோப் கார் போட்டார்கள்.

2025 மே 28ஆம் தேதி ஸ்விட்சர்லாந்தின் பிளாட்டன் கிராமத்தின் மேல் பிர்ச் பனிப்பாறை சரிந்து விழுந்தது. ஊரின் பெரும்பகுதி மண்ணுக்குள் போனது. மலையைக் கண்காணித்தவர்கள் முன்கூட்டியே எச்சரித்ததால், ஒன்பது நாளுக்கு முன்பே சுமார் 300 பேரை வெளியேற்றியிருந்தார்கள். அதனால்தான் பெரிய உயிரிழப்பு தவிர்க்கப்பட்டது. ஒருவர் உயிரிழந்தார்.

சுற்றுலாப் பயணிகளுக்கு இதில் இருக்கும் பாடம் சுலபமானது. 'பாதை மூடப்பட்டுள்ளது' என்று பலகை இருந்தால் அதைத் தாண்டக் கூடாது. போட்டோவுக்காகப் பனிப்பாறை மேல் இறங்கக் கூடாது.

உயரமும் கவனிக்க வேண்டியது. கடல் மட்டத்தில் வாழும் நமக்கு 3,500 மீட்டரில் மூச்சு வாங்கும், தலை சுற்றும். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போகணும்.

எந்த மாதம் போகலாம்?

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை நடைபாதைகள் திறந்திருக்கும். கூட்டம் குறைவு என்றால் செப்டம்பர். பள்ளி லீவு என்று மே மாதம் போனால் கீழே பூக்கள் இருக்கும், மேலே பல பாதைகள் இன்னும் பனியில் மூடிக்கிடக்கும். நவம்பரில் பல ரோப் கார்கள் பராமரிப்புக்காக நிற்கும்.

செப்டம்பரில் கிளம்புவது என்றால் ஏப்ரல், மே மாதமே காகித வேலையைத் தொடங்கணும்.

கிளம்புவதற்கு முன் ஒரு தடவை சரிபாருங்க

• இரவுகளை எண்ணி, எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்று முடிவு பண்ணியாச்சா?

• துணை பிரெஞ்சு குடிமகன் என்றால், விண்ணப்பத்தில் சரியான பிரிவு தேர்ந்தெடுத்தாச்சா?

• திருமணம் எத்தா சிவிலில் ஏறியாச்சா? ரெண்டு பாஸ்போர்ட்டிலும் திருமணச் சான்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கா? தமிழ்ப் பெயரைப் பிரெஞ்சு முறையில் எழுதும்போது எழுத்து மாறியிருக்கும். இந்த ஒரு எழுத்துக்காக நாள்கணக்கில் அலைந்தவர்கள் புதுச்சேரியில் உண்டு.

• காப்பீட்டில் மலை மீட்புச் செலவு அடக்கமா என்று பார்த்தாச்சா?

• பிரெஞ்சு பாஸ்போர்ட்காரரின் ஓ.சி.ஐ. அட்டை பையில் இருக்கா?

இந்த ஐந்துக்கும் 'ஆமாம்' என்றால், மிச்சம் இருப்பது ஸ்வெட்டர் வாங்குவது மட்டும்தான்.